தானே ஓடுகிற இன்ஜின்

வள்ளிக்கண்ணுவுக்குக் கல்யாணம் நடந்தபோது வயது முப்பத்தொன்பது. அதற்கு முன் பதினாறு வருஷம் அவள் பார்த்த வேலை, பொறுக்குவது. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒருவருக்காகக் காய்கறி வாங்கும் பொறுப்பு அவளுடையது. காந்தி மார்க்கெட்டில் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, மேலாக இருப்பதைத் தள்ளிவிட்டு அடியில் கையை விடுவாள். காம்பைப் பார்த்தே கத்தரிக்காய் என்றைக்குப் பறித்தது என்று சொல்லிவிடுவாள். மூட்டை தூக்குகிறவர்கள் அவளைக் கண்டதும், அக்கா வருது, அழுகலை உள்ளே தள்ளு என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். திருவெள்ளறையில் இருந்த அவள் வீட்டில் இரண்டு தங்கைகளுக்கும் ஒரு தம்பிக்கும் முடித்து வைத்த பிறகுதான், மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை நவநீதன், கூட்டுறவு வங்கியில் வேலை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் சொந்த ஃப்ளாட். மனைவி சுபஸ்ரீ புற்றுநோயில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வயதில் ஒரு பெண், மிதுனா. பெண் பார்க்க வந்தபோது அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு வெளிப்படையாகவே பேசினான்.

"எனக்குப் பொண்டாட்டி வேணும்னு நான் வரலைங்க. குழந்தைக்கு ஆள் வேணும்."

கூடியிருந்தவர்கள் முகம் சுருங்கியது. வள்ளிக்கண்ணு மட்டும் அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் அழுகலை மறைக்காத வியாபாரியை அவளுக்குப் பிடிக்கும்.

மூன்றரை மணிக்கு ஸ்கூல் விட்டுவிடுமே என்று வேலையையும் விட்டாள். மிதுனா அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டது. சித்தி என்ற சொல் ஏற்கெனவே வேறொருத்திக்குப் போயிருந்தது. சுபஸ்ரீயின் தங்கை பானுப்ரியா ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவெறும்பூரிலிருந்து வந்துவிடுவாள், அவள்தான் சித்தி. தலை பின்னிவிடவும் டிபன் டப்பா கட்டவும் மட்டும் குழந்தை வள்ளிக்கண்ணுவின் பக்கத்தில் வந்தது. மற்ற நேரமெல்லாம் ஹாலில், மர ரயிலோடு.

அந்த ரயிலை சுபஸ்ரீ ஆஸ்பத்திரியில் படுத்தபடியே போனில் ஆர்டர் செய்து வாங்கியிருந்தாள். துண்டு துண்டாக மரத் தண்டவாளம், ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பள்ளம். ஒரு மேம்பாலம், ஒரு குகை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் நான்கு பெட்டிகள், கையால் தள்ள ஒரு மர இன்ஜின். மிதுனா தரையில் ஒருக்களித்துப் படுத்து, குகைக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் எதிர் ஃப்ளாட்டுப் பெண் விளையாட வந்து, இதை ஏன் கையாலேயே தள்ளுகிறாய் என்று கேட்டது. வள்ளிக்கண்ணு தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மிதுனா சொன்னது காதில் விழுந்தது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தானே ஓடுகிற இன்ஜின் வாங்கித் தருவதாகச் சொன்னார்களாம்.

அன்றிலிருந்து வள்ளிக்கண்ணுவுக்கு அதே நினைப்பு. ஏழு மாதமாக அந்த வீட்டில் அவள் தேடிக்கொண்டிருந்த வழி அது. குழந்தைக்கு வேண்டிய ஒன்றைக் குறையில்லாமல் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது. அவளுக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்.

முதலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் பிளாஸ்டிக் ரயில் ஒன்றை வாங்கினாள். வீட்டில் வந்து வைத்துப் பார்த்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கவே இல்லை. பிறகு போனில் தேடி ஒன்றை வரவழைத்தாள். சக்கரம் பொருந்தியது, குகையில் மண்டை இடித்தது. அதைத் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது தடவை ஏமாறத் தயாராக இல்லை. மிதுனா ஸ்கூலுக்குப் போனதும் இரண்டு நேர்த்துண்டு, ஒரு வளைவு, மேம்பாலம், குகை, பெட்டிகள் நான்கு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தில்லைநகரில் அப்துல் சுக்கூர் பாய் கடைக்குப் போனாள்.

பாய் நான்கு இன்ஜினை எடுத்து வைத்தார். அவள் கண்ணாடி மேஜையிலேயே தண்டவாளத்தைக் கோத்தாள். ஒன்று சிவப்பு, பார்க்க அழகு, ஓடும்போது அலறியது. குழந்தைக்குச் சத்தம் ஆகாது என்று ஒதுக்கினாள். அடுத்ததன் காந்தம் பெட்டியை ஒட்டாமல் தள்ளிவிட்டது. மூன்றாவது சமதரையில் பறந்தது, ஏற்றத்தில் சக்கரம் மட்டும் சுற்றியது, வண்டி நகரவில்லை. நான்காவது பச்சை. குட்டை. பின் சக்கரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது. நான்கு பெட்டியையும் மாட்டி ஏற்றத்தில் விட்டாள். முனகிக்கொண்டே ஏறி, மறுபக்கம் இறங்கி, குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருந்தது; குழந்தை கைக்கு வராது. பொத்தான் மேலே, சின்ன விரலுக்கு எட்டுகிற இடத்தில்.

பாய் இத்தனை வருஷத்தில் இப்படிச் சோதித்து வாங்கிய ஆளைப் பார்த்ததில்லை என்றார். பொண்ணுக்கா என்று கேட்டார்.

"ஆமாங்க. என் பொண்ணுக்கு" என்றாள் வள்ளிக்கண்ணு. அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ராத்திரி நவநீதனிடம் காட்டினாள். நல்லாயிருக்கு என்றான். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம், பானுவும் இருப்பாள் என்றான். அவளும் சரியென்று ரோஜா நிறத் தாளில் சுற்றி பீரோவில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்படியில் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தபோது ஹாலில் மிதுனா கத்துவது கேட்டது. சந்தோஷக் கத்தல். மாவுக் கையோடு ஓடி வந்தாள். பீரோ திறந்திருந்தது, ரோஜா நிறத் தாள் கிழிந்து கிடந்தது. பானுப்ரியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொன்னாங்கல்ல, வாங்கித் தரேன்னு? சாமிகிட்டேருந்து அனுப்பிட்டாங்க பாரு."

அவள் இப்படிச் செய்வது புதிதில்லை. பிறந்தநாளுக்கு ஒரு நீலக் கவுன் அம்மாவிடமிருந்து வந்தது. வெள்ளிக் கொலுசு வந்தது. வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. சுபஸ்ரீயின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து பானுப்ரியா அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதியதை வள்ளிக்கண்ணுவே கண்டிருக்கிறாள். அப்போதெல்லாம், தாயில்லாப் பிள்ளை, போகட்டும் என்று இருந்தாள்.

நவநீதன் பேப்பரை மடித்து வைத்தான். அவளைப் பார்க்கவில்லை. பானுப்ரியா அடுப்படிக்கு வந்து, தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, நீங்க வாங்கினதுன்னு சொன்னா அவ தொடக்கூட மாட்டா என்று மெதுவாகச் சொன்னாள். வடை நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

குழந்தை சந்தோஷமா இருக்கால்ல, யார் வாங்கினா என்ன என்று நவநீதன் ராத்திரி கேட்டான். வள்ளிக்கண்ணுவும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பத்து நாள் சொல்லிக்கொண்டாள்.

பச்சை இன்ஜின் பேட்டரியைத் தின்றது. நாலைந்து நாளுக்கு ஒன்று. அம்மா அனுப்பிய இன்ஜின் நிற்காது என்று மிதுனா ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தது. அதனால் அது நிற்காமல் பார்த்துக்கொள்வது வள்ளிக்கண்ணுவின் வேலையானது. குழந்தை போனபிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, வைத்திருந்த இடத்தில் வைத்திருந்தபடியே வைப்பாள். சாயங்காலம் அதே குழந்தை, "அம்மா அனுப்புனது, நீங்க தொடாதீங்க ஆன்ட்டி" என்று சொல்லும். தண்டவாளத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்றது. வள்ளிக்கண்ணு கோட்டுக்கு வெளியே கூட்டினாள்.

நவம்பரில் ஒரு நாள் மழைக்காக ஸ்கூலை மதியமே விட்டுவிட்டார்கள். எதிர் ஃப்ளாட்டுக்காரர் மிதுனாவையும் சேர்த்து அழைத்து வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது. வள்ளிக்கண்ணு தரையில் கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் மல்லாந்து கிடந்தது, மூடி தனியாக, திருகாணி தனியாக.

குழந்தை போட்ட சத்தத்தில் மேல் மாடியிலிருந்து ஆள் வந்தது. அம்மாவோட இன்ஜினை உடைச்சுட்டாங்க, உடைச்சுட்டாங்க என்று அது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. சாப்பிட மறுத்தது. நவநீதன் வந்ததும் நடந்ததைக் கேட்டுவிட்டு, வள்ளிக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டான். பேட்டரி மாற்றியதாகச் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும், அதனால் குழந்தையிடம் ஸாரி சொல்லிவிடு, ஒரு வார்த்தைதானே என்றான்.

அவள் போய்ச் சொன்னாள். மிதுனா அழுகையை நிறுத்தி, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டியது.

"எங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

வள்ளிக்கண்ணு நவநீதனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்; கழற்றி முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தன்னைவிட எட்டு வயது சின்னவளாகச் சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்து, தெரியாம தொட்டுட்டேன், மன்னிச்சிருங்க என்றாள். குழந்தை தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தது. நவநீதன் அதற்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டினான்.

மறுநாள் வள்ளிக்கண்ணு மூடியை மாட்டி வைத்தாள். பேட்டரி போடவில்லை.

சாயங்காலம் மிதுனா பொத்தானை அழுத்தியது. மறுபடி அழுத்தியது. பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்று, நீங்கதான் கெடுத்துட்டீங்க, அம்மா உங்களை மன்னிக்கவே இல்லை என்றது.

வள்ளிக்கண்ணு அடுப்பை அணைத்தாள். பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து புது பேட்டரியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். கோட்டைத் தாண்டி உட்கார்ந்து, குழந்தையின் கண் முன்னாலேயே மூடியைக் கழற்றி, பேட்டரியைப் போட்டு, திருகி, பொத்தானை அழுத்தினாள். இன்ஜின் ஓடியது.

"இதை உங்க அம்மா அனுப்பல. நான் வாங்கினேன். தில்லைநகர்ல, பாய் கடையில. செத்தவங்க கடைக்குப் போவாங்களா?"

மார்க்கெட்டில் அழுகலை எடுத்து வியாபாரி முன்னால் வைக்கும்போது பேசுகிற அதே குரல். உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. அது நன்றாகக்கூட இருந்தது. பின்னால் அவளால் மறக்க முடியாமல் போனது அதைத்தான்.

மிதுனா அழவில்லை. இன்ஜின் ஒரு சுற்று முடித்து வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது.

"நீலக் கவுன்?"

"உங்க சித்தி வாங்கினது."

"கொலுசு?"

"அப்பா."

குழந்தை எழுந்து போய்த் தன் ஸ்கூல் பையின் உள் அறையிலிருந்து வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்தது. மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. "இதுல அம்மா கையெழுத்து இருக்கு" என்றது. அது கேள்வியாக வரவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வள்ளிக்கண்ணுவுக்கு அது தோன்றவும் செய்தது. தோன்றிய பிறகுதான் சொன்னாள்.

"அதுவும் சித்தி எழுதினதுதான். நான் பார்த்தேன்."

நவநீதன் வந்தபோது மகள் கதவருகிலேயே நின்று அதே நான்கையும் வரிசையாகக் கேட்டது. அவன் ஆபீஸ் பையை நாற்காலியில் வைத்து, அதன் ஜிப்பைத் திறந்து மூடினான். அவன் வள்ளிக்கண்ணுவைத் திட்டவோ அடிக்கவோ இல்லை. குழந்தை தூங்கியபின் அடுப்படிக்கு வந்து, "ஒண்ணையாவது விட்டிருக்கலாம்ல" என்றான். அதற்கப்புறம் பல மாதம் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

பானுப்ரியா வந்து குழந்தையைத் திருவெறும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது வள்ளிக்கண்ணு இருந்த பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டு நாளில் கொண்டுவந்து விட்டாள். மிதுனா அங்கே அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். சாப்பாட்டைக்கூட அவள் கையால் வாங்கவில்லையாம். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே பானுப்ரியா அழுதாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவது நின்றது. ரயிலை மிதுனாவே பெட்டியில் அடுக்கி, எதிர் ஃப்ளாட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டது. இன்ஜினோடு சேர்த்துத்தான் கொடுத்தது.

வள்ளிக்கண்ணு பழையபடி காந்தி மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கினாள். இப்போது மிதுனாவுக்கு ஒன்பது வயது. நன்றாகப் படிக்கிறது. யாரோடும் சண்டையில்லை. அப்பா ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளும். பிறகு வள்ளிக்கண்ணுவிடம் வந்து, அது நிஜமா என்று கேட்கும். அவள் சொல்வதை மட்டும் நம்பும். பிரியத்தினால் அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

போன ஆடியில் ஒரு காலை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஸ்கூல் யூனிஃபார்மில் வந்து நின்றது.

"அம்மா சாகறப்போ வலிக்கலைன்னு அப்பா சொல்றாங்க. தூக்கத்துலேயே போயிட்டாங்களாம். நிஜமா ஆன்ட்டி?"

வள்ளிக்கண்ணு கத்தியை வைத்தாள். நவநீதன் சில ராத்திரி தூக்கத்தில், வலிக்கு ஊசி போடச் சொல்லி டாக்டரைக் கெஞ்சுவதை அவள் கேட்டிருக்கிறாள். ஹாலில் அவன் பேப்பரைப் புரட்டுவது நின்றிருந்தது. அவன் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா. தூக்கத்துலதான்" என்றாள்.

மிதுனா அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மேஜையிலிருந்த டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு இறங்கிப் போனது.