ஆமத்தூருக்கு முன்னால் உடைந்த ஆக்சில்

செல்போன் எங்களைப் போன்ற டிரைவர்கள் கைக்கு வந்த புதிது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. சிவகாசியிலிருந்து மினி லாரியில் பட்டாசுப் பெட்டிகளைக் கொண்டுவந்து விருதுநகர் லாரி ஷெட்டில் இறக்குவது என் வேலை. அன்று மதியத்துக்குள் லோடை இறக்கிவிட்டு, நாலு மணிக்கு பஸ்ஸில் ஆமத்தூர் போக வேண்டும். அங்கே எனக்காக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள் அக்கா. கணவரை இழந்தவர், பத்தாவது படித்தவர். நான் அஞ்சாவதோடு நின்றவன். அதற்கு முன் இரண்டு இடங்களுக்குப் போகாமலே இருந்துவிட்டேன்.

ஆமத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் பின்னால் ஒரு சத்தம். இன்ஜின் ஓடியது, கியர் விழுந்தது, வண்டி நகரவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். அடியில் நீள ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினின் பலம் கிளட்ச், கியர்பாக்ஸ் தாண்டி அந்த ஷாஃப்ட் வழியாகத்தான் பின்னால் கிரவுன் பல்சக்கரத்துக்கு வரும். அங்கிருந்து இரண்டு ஆக்சில் ராடுகள் அதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். ஒன்று உடைந்தால் மற்றது இழுக்கும் என்று பலர் நினைப்பார்கள். இழுக்காது. சுமை இல்லாத பக்கமே சுற்றல் எல்லாம் போய்விடும். உடைந்த துண்டு உள்ளே சும்மா சுற்றும். நல்ல சக்கரம் அப்படியே நிற்கும்.

விருதுநகர் பட்டறை பாய்க்கு போன் போட்டேன்.

"வெடி லோடா? அப்ப நான் வரலண்ணே. ராடைப் பஸ்ஸுல குடுத்து விடுதேன், மாட்டிக்கோங்க. பீடி கீடி பத்த வச்சிராதீக."

"எனக்குப் பழக்கம் இல்ல பாய்."

"தெரியுமே. உங்களுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது."

வெடிவண்டியை விட்டு நகரக் கூடாது. சைக்கிளில் வந்த ஒருவர் கதவில் 'வெடிபொருள்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சாலையின் மறு ஓரமாகப் போனார். மணிக்கணக்கில் யாரும் என்னிடம் பேசவில்லை. அது எனக்குச் சிரமமாகவும் இல்லை. பஸ் கண்டக்டர்கூட ராடைச் சற்றுத் தள்ளியே சாலையோரம் வைத்துவிட்டு விசில் கொடுத்தார்.

உள்ளே சிக்கிய துண்டைக் கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்தேன். முழங்கைவரை கியர் ஆயில். புது ராடை மாட்டி போல்ட்டுகளை முடுக்கியபோது மணி நாலரை. கல்லை எடுத்தேன். முதல் கியரில் வண்டி நகர்ந்தது. அப்போது அக்கா போன் செய்தாள். அந்தப் பெண் வீட்டிலிருந்துதான் பேசினாள்.

"ஏலே, எங்கன இருக்க? அவுக இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்காக. லோடை எறக்கிட்டு ஆறு மணிக்கு வந்தாலும் சரிங்காக."

"ஆக்சில் ராடு போச்சுக்கா. இன்னும் மாட்டல."

"வண்டிச் சத்தம் கேக்குதேல?"

"இன்ஜின் மட்டுந்தான் ஓடுதுக்கா. சக்கரம் ஓடல."

அவள் வண்டியைப் பற்றி எதுவும் அறியாதவள், நம்பிவிட்டாள்.

ஆமத்தூரை மூன்றாவது கியரில் கடந்தேன். ஐந்தரைக்கெல்லாம் விருதுநகர் ஷெட்டில் லோடு இறங்கிவிட்டது. எதிரே ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் குழாயடியில் உட்கார்ந்து கை கழுவினேன். அது கிளம்பிப் போனபிறகும் கழுவிக்கொண்டிருந்தேன்.