நாலு விழுந்தபிறகு

பேனாட் அண்ணையிடம் வானிலையைப் பற்றிக் கேட்டால்கூட இரண்டாவது வாக்கியத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் வந்து இறங்கிவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சரக்குக் கிடங்கில் அவரும் நானும் பத்தொன்பது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவர் விமானத்தில் ஏற்றும் சரக்கை நிறுத்து எழுதுபவர். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பிள்ளைகளைப் பற்றியும் வீட்டு விலையைப் பற்றியும் பேசுவோம். அவர் லங்காஸ்ரர் என்ற உலகப் போர்க் குண்டு விமானத்தைப் பற்றிப் பேசுவார். அது பதினாலாயிரம் இறாத்தல் குண்டு தூக்கிக் காவும், வயிற்றை மாற்றிக் கட்டினால் இருபத்திரண்டாயிரத்தில் ஒற்றைக் குண்டு காவும், ஹலிஃபக்ஸ் பதின்மூவாயிரம், அமெரிக்கனுடைய பி-52 என்றால் எழுபதாயிரம். நாங்கள் நிற்கும், கனடாவின் இந்த மோல்ரனில்தான் அந்தக் காலத்தில் நானூற்றுச் சொச்சம் லங்காஸ்ரர் செய்தார்கள் என்பதை மாதத்தில் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். அவருக்குப் ‘பொம்பர் பேனாட்’ என்று பட்டம் வைத்தவன் நான். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

சிரிப்பை விட எரிச்சல்தான் எனக்கு அதிகம். எங்கள் தலையில் குண்டு போட்ட சாமானை எங்கள் ஆள் ஒருவர் இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடலாமா? ஒருநாள் மூஞ்சிக்கு நேரே கேட்டும்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, ஊரில் தான் இருந்த குருநகர்க் கதையைச் சொன்னார்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்காலம். விமானம் வந்தால் சனம் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் ஓடும். ஓடி இருந்தவுடனே விழுகிற குண்டை எண்ணத் தொடங்கும். அது எங்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம், நானும் எண்ணியிருக்கிறேன். எது எத்தனை கொண்டுவரும் என்று பார்த்துப் பார்த்தே சனம் பிடித்துவைத்திருந்தது. அந்த மாதம் குருநகருக்கு மேலே வந்தது நாலு போடும். நாலு விழுந்தால் முடிந்தது, போய் உலையைப் பார்க்கலாம். பேனாட் அண்ணை அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுத்தவர். எண்ணிக்கையில் பிசகாத மனிதர் என்று பெயர். அதனால் அவருடைய பங்கரில் அவர் எண்ணுவார், மற்றவர்கள் செபம் சொல்லுவார்கள்.

அன்றைக்கும் நாலு விழுந்தது. இரண்டு வயது மகள் நிரோஷினி பாலுக்கு வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். குசினிக்குப் போய்ப் பால் கரைத்துக்கொண்டு வரட்டோ என்று மனைவி வேரோனிக்கா கேட்டிருக்கிறாள்.

“நாலும் போட்டிட்டான், இனி அவனிட்ட ஒண்டும் இல்லை, போ எண்டு சொன்னனான்,” என்றார் பேனாட் அண்ணை. “என்ர வாயாலதான் சொன்னனான்.”

ஐந்தாவது குசினிக்கு மேலே விழுந்தது.

கனடாவுக்கு வந்து ஓரளவு ஆங்கிலம் வாசிக்கப் பழகியதும் அவர் முதலில் தேடியது இதைத்தான். நாலு காவும் விமானம் ஐந்து காவுமா? குருநகருக்கு மேலே பறந்த அந்தச் சின்ன விமானத்தைப் பற்றி அவர் போன நூலகத்தில் புத்தகம் எதுவும் இல்லை. உலகப் போரின் பெரிய விமானங்களைப் பற்றி ஒரு தட்டு நிறைய இருந்தது. அதைப் படித்தார். மூன்றாவது புத்தகத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. ஒரு விமானம் இவ்வளவுதான் காவும் என்று முடிந்த கணக்கு கிடையாது. தூரம் போவதென்றால் எண்ணெய் கூட, குண்டு குறைவு. கிட்டப் போவதென்றால் எண்ணெய் குறைவு, குண்டு கூட. அமெரிக்கனின் பி-17 தூரத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு கொண்டுபோகும், கிட்டவென்றால் எண்ணாயிரம். பலாலி விமானத் தளத்திலிருந்து குருநகருக்குப் பத்து மைல் சொச்சம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் முப்பது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு புத்தகம் ஐந்து காவ முடியாது, உன் கணக்கில் பிழையில்லை என்று சொல்லாதா என்றுதான்.

நிரோஷினிக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வேறு. அவர்களோடேயே இருந்து அவளை வளர்த்த பெரியம்மா, அவளுடைய பதினாலு வயதில் ஏதோ கோபத்தில், உனக்குப் பால் கரைக்கப் போய்த்தான் என்ர தங்கச்சி செத்தவள் என்று சொல்லிவிட்டாள். இப்போது நிரோஷினிக்கு ஏழு மாதப் பிள்ளை. மோர்னிங்சைட்டில் இருக்கிறாள். பிள்ளை சிணுங்குவதற்கு முன்பே போத்தலோடு நிற்பாள். அழுதுவிட்டாலோ அடுப்பில் இருப்பதையும் விட்டுவிட்டு ஓடுவாள். பிள்ளையைப் புருஷன் கையில்கூடக் கொடுப்பதில்லை. அவளுடைய பதற்றத்துக்கு டொக்டர் தந்த மருந்து திறக்காமல் கிடக்கிறது. நான் அழுதபடியால்தானே அம்மா வெளியில போனவா என்று தகப்பனிடமே சொல்லியிருக்கிறாள். அப்போதும் மனிதர் வாய் திறக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. “உங்கட பாவத்தை அந்தப் பிள்ளை காவுது, அண்ணை. உதைச் சொல்லாமல் எத்தனை புத்தகம் படிச்சு என்ன?” என்று கத்தினேன். ஒரு கிழமை என்னோடு பேசாமல் இருந்தார். பிறகு, சனிக்கிழமை நிரோஷினியைக் கூட்டிக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டார்.

நகரத்துக்கு மேற்கே ஒரு கொட்டகையில் பழைய லங்காஸ்ரர் ஒன்றைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அங்கே போய்ச் சும்மா கூட்டித் துடைத்துக் கொடுப்பது அவருடைய வழக்கம். அங்கே நின்றால்தான் தனக்குச் சொல்ல வரும் என்றார். நான் நிரோஷினியையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். குண்டு வைக்கும் வயிற்றுக் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே நீளமாக, வெறுமையாக, கவிழ்த்துவைத்த வள்ளம் மாதிரி இருந்தது. அதன் கீழே நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். நாலு எண்ணியது, போ என்றது, எண்ணெய்க் கணக்கு, பத்து மைல், எல்லாம். நான் பிள்ளையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

நிரோஷினி தகப்பனின் கையைப் பிடித்தாள்.

“தாங்க்ஸ், அப்பா,” என்றாள். “சின்னனில நான் கிளாஸ் உடைச்சாலும் நீங்கள் உடைச்சதெண்டுதானே பெரியம்மாட்டச் சொல்லுவீங்கள். இப்ப என்ர பழியை நீங்கள் ஏற்க இவ்வளவு படிச்சுக் கதை கட்டியிருக்கிறீங்கள். எனக்கு விளங்குது.”

“இல்லைப் பிள்ளை. மாதாவாணை இது உண்மை,” என்றார் அவர்.

“ஓம் அப்பா,” என்று அவள் அவருடைய தோளைத் தடவிவிட்டாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான், எனக்கும் சொன்னவர் என்றேன். அவள் என்னையும் பார்த்து, நன்றியோடு தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

அந்த நேரம் தள்ளுவண்டிக்குள் பிள்ளை சிணுங்கியது. நிரோஷினி தகப்பனின் கையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பையைத் திறந்து போத்தலை எடுக்கும் அவசரத்தில் மூடி கழன்று, பால் சிமெந்துத் தரையில் கொட்டிப் போனது. பேனாட் அண்ணை மூலையிலிருந்த மொப்பை எடுத்துக்கொண்டு வந்து, விமானத்தின் கீழே குனிந்து அதைத் துடைக்கத் தொடங்கினார்.