பேரீச்சம்பழம் தொட்டு வைத்தேன்

சண்டை முடிந்ததும், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களில் பலர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். நான் பள்ளிவாசல்துறையிலேயே கருவாடு காயவைத்துக்கொண்டு தங்கிவிட்டேன். நாற்பது வயதாகியும் கலியாணம் முடிக்கவில்லை. யார்மீதும் எனக்கு அந்த ஆசை வந்ததே இல்லை. வராததில் வருத்தமும் இல்லை. இப்படிப்பட்டவளுக்கு ஊரில் ஒரு சொல் கிடையாது. அதனால் இருக்கிற சொல்லையே எனக்கும் வைத்தார்கள்: மலடி. பிள்ளை பெற நினைத்தே பார்க்காதவளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில், பக்கத்து வீட்டு ரிஸானாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் வாயில் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ரிஸானா பழத்தை என்னிடம் நீட்டினாள்.

அவளுடைய மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "மலடிட குணம் பிள்ளைக்கு வந்தா என்ன செய்யிற?"

நான் எழுந்தேன்.

"இருங்க ராத்தா," என்ற ரிஸானா, மாமியாரிடம் திரும்பினாள். "மாமி, இந்த ஒழுங்கையில நிம்மதியாத் தூங்கி எழும்புறது இவ ஒராள்தான். அந்தக் குணம் என்ட மகளுக்கு வரட்டும்."

மாமியார் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "அது ஓம்தான்," என்று கையை எடுத்தார்.

பழத்தை மென்று விரலால் தொட்டு வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டியது.

இப்போது அந்தப் பிள்ளை வளர்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "பெரியும்மா" என்று கூப்பிடுகிறாள். கருவாடு புரட்டும் கையை நிறுத்திவிட்டுத் திரும்புகிறேன். வேறு எந்தச் சொல்லுக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.