'இன்'னும் 'அட்'டும்

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி வரச் சொன்னார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து வேனில் திண்டுக்கல் போய் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். அக்கா ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம்.

அடுப்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம், ஆங்கிலத்தில் வயதுக்கு முன்னால் 'இன்' வருமா 'அட்' வருமா என்று கூடத்திலிருந்தே கேட்டேன். 'அட்' என்றாள். உனக்கென்ன தெரியும் என்று நான் 'இன்' போட்டேன்.

மறுநாள் டீச்சர் என் வரியைப் போர்டில் எழுதினார். என் அக்காவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் நடந்தது என்ற வரி. 'இன்'னைச் சுற்றி வட்டம் போட்டு, இதுகூடத் தெரியாதா என்றார். வகுப்பே சிரித்தது. திருத்திப் பத்துத் தடவை எழுத வேண்டும்.

அக்கா சொன்னது சரியாகிப்போன ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒன்பதாவது வரியில் அக்கா நோட்டை இழுத்தாள். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"இதையா போர்டுல எழுதுனாங்க?"

"ஆமா. அட்டுதான் சரியாம்."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"கையெழுத்து நல்லாருக்குன்னாங்க."

பக்கத்தைக் கிழித்தாள். கத்திரிக்காய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் அதைப் போட்டாள்.

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியும், ஆத்தா" என்றார் அப்பா.

"பதினாறுன்னு எழுதிருக்குப்பா. அம்புட்டுப் பேரு வாசிச்சிருக்காக. ஒருத்தருக்கும் அது தப்பாத் தெரியல."

வந்த இடத்தில் எதற்குச் சண்டை என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். அக்கா உதறிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா குனிந்தபடியே சாக்கின் வாயைக் கட்டினார்.

நான் ஓவென்று அழுதேன். ஒன்பது வரியும் வீணாகிவிட்டதே என்றுதான் அழுதேன். கறுவிக்கொண்டே புதுத் தாளில் பத்துத் தடவையும் எழுதினேன். ஒவ்வொரு 'அட்'டையும் அழுத்தி எழுதினேன்.

அடுத்த நாள் டீச்சர் 'குட்' போட்டு நட்சத்திரம் வரைந்து கொடுத்தார். கோபமெல்லாம் தீர்ந்து, அந்தப் பக்கத்தை நேரே அக்காவிடம்தான் கொண்டுபோய் நீட்டினேன். அவள் பார்த்தாள், வாங்கவில்லை. கல்யாணமானதும் இவளுக்கு எவ்வளவு திமிர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.