அப்பா கொண்டுவந்த மூன்று குச்சிகள்

தோட்டத்திலிருந்து அப்பா நேராக வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததே இல்லை. வாசலிலேயே நின்று கால்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து உதறுவார். பைகளை வெளியே இழுத்துத் தட்டுவார். பூட்ஸின் அடியை ஆணியால் சுரண்டுவார். விழுந்ததையெல்லாம் ஒரு பழைய மீன் டப்பாவில் கூட்டி அடுப்பில் கொட்டிய பிறகுதான் உள்ளே வருவார். மழை கொட்டினாலும் இதுதான்.

"சாப்பாடு ஆறுது!" என்று அம்மா உள்ளிருந்து கத்துவாள்.

"ஒரு விதை உள்ள வந்துட்டா நீயா புடுங்குவ?" என்று இவர் திருப்பிக் கத்துவார்.

விதை மோரா என்ற முட்புதரினுடையது. கறுத்த பழம், வளைந்த முள். சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில் எங்கள் காப்பித் தோட்டத்தில் பாதியை அது தின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், அண்டை வீட்டு ஒதிலா அத்தையின் நாலு வரிசைக் காப்பியை முழுதாகவே முடித்துவிட்டது. பறவை எச்சத்தில் வந்த சனியன் என்று அத்தை நம்பினாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டுவார்.

கொண்டுவந்தவர் அப்பாதான். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே, எரிச்சலில் சொல்லிவிட்டார். பெருநிலத்து லோஹா மலைப்பக்கத்திலிருந்து பிழைக்கக் கிளம்பியபோது அவருக்கு இருபத்திரண்டு. நவம்பரில் இறந்தவர்கள் நாளுக்கு ஊதாக் கஞ்சி காய்ச்ச இங்கே மோரா கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று குச்சிகளை ஈரச் சட்டையில் சுற்றிக்கொண்டு சரக்குக் கப்பலில் ஏறிவிட்டார்.

"செத்தவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆசைப்பட்டு, உசுரோட இருக்கிறவங்க வாயில மண்ணைப் போட்டுட்டேன்," என்றார். "ஒதிலாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத."

தீவு முழுக்க இருக்கும் மோராவுக்கு நீங்களா காரணம், இன்னும் எத்தனை பேர் கொண்டுவந்தார்களோ என்று பின்னாளில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இந்த வேலியோரத்துக்கு நான்தானே?" என்பார்.

ஆகவே வெட்டிக்கொண்டே இருந்தார். அவர் வெட்டிச் சுத்தமாக்கிய இடத்துக்கு ஆளுநர் வந்து சேருவார். ஆளுநர் என்பது ஒரு ஆமை. இருநூறு கிலோ இருக்கும். தொடக் கூடாது, விரட்டக் கூடாது, சட்டம் அப்படி என்பதால் அப்பா வைத்த பெயர். சரிவில் மோராப் பழத்தைத் தின்றுவிட்டு, மேலே வந்து, சுத்தமான மண்ணாகப் பார்த்துச் சாணி போடும். அத்தனையும் விதை. அப்பா வாளியோடு பின்னாலேயே நடப்பார். ஆமையின் வேகத்தில் நடப்பது எவ்வளவு கொடுமை என்பது நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் ஆமை பார்க்கப் பயணிகள் கூட்டம் ஒன்று வந்தது. வழிகாட்டி அப்பாவிடம், "ஐயா, ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுங்க," என்றான்.

"தம்பி, நான் நிக்கிறது என் நிலம். அது நிக்கிறதும் என் நிலம். அது இப்பப் பண்ணப்போறதும் என் நிலத்துலதான். ரெண்டு மீட்டர் தள்ளிப் போகச் சொல்லி அதுகிட்டச் சொல்லேன்!"

வாளிக்கு என்ன காரணம் என்று ஒரு பயணி கேட்க, வழிகாட்டி கூசாமல் "ஆராய்ச்சி" என்றான். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கோ யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் வாளியும் கடுப்புமாக அப்பா நின்றுகொண்டிருக்கலாம்.

சனிக்கிழமைகளில் வேலியைத் தாண்டி அத்தையின் நிலத்தில் வெட்டுவார். நாலு வரிசையும் சுத்தமாக்கித் தருகிறேன், மறுபடி காப்பி நடுங்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"அபெலார்தோ அண்ணே, என் களையைச் சும்மா வந்து வெட்டுறீங்களே, உங்களை மாதிரி மனுஷன் யாருக்குக் கெடைப்பாங்க!" என்று அத்தை ஒவ்வொரு முறையும் ஒரு ஜாடி மோரா ஜாமைக் கையில் திணித்துவிடுவாள். அப்பா அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியில் தடவுவார். கடைசியில் கரண்டியையும் நக்குவார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தலைநகர் கீத்தோவில் வேளாண்மை படித்துவிட்டு வந்த வாரமே, படித்த ஒன்றை அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பா, வெட்டுனா மட்டும் போதாது. மண்ணுக்குள்ள கெடக்குற விதை பல வருஷம் உசுரோட இருக்கும்."

"எத்தனை வருஷம்?"

"பத்துகூட ஆகலாம்."

அவருக்கு அப்போது அறுபத்து மூன்று. நெஞ்சுவலிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். "இதைச் சொல்லத்தான் அஞ்சு வருஷம் படிச்சியா, நார்சிசா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வெட்டுக்கத்தியோடு கிளம்பினார். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவருக்கு எதற்காகச் சொன்னேன்? உதவவா, படித்ததைக் காட்டவா? நானும் ஈரச் சட்டையில் ஒரு குச்சியைச் சுற்றிக் கொண்டுவந்தேனோ என்று இன்றுவரை தோன்றுகிறது.

அதன்பிறகு அத்தையிடம் உண்மையையாவது சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். சனிக்கிழமைதோறும் அதற்கென்றே போவார். ஜாடியோடு திரும்புவார்.

"சொல்லிட்டீங்களா?"

"அவ என்னை வாயைத் தொறக்க விட்டாத்தானே! நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு... நல்ல மனுஷன்னு ஆன பிறகு எங்கிருந்து சொல்றது?"

மார்ச்சில் ஒரு காலை அவர் இதயம் நின்றுபோனது. அத்தையின் நிலத்தில் இரண்டரை வரிசை முடித்திருந்தார்.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் நாளில், கல்லறைக்கு அத்தை மூடிய பானையோடு வந்தாள். திறந்ததும் பட்டையும் கிராம்புமாக மணந்தது. ஊதாக் கஞ்சி.

"உங்கப்பா வெட்டாம விட்ட ஒன்றரை வரிசையில பறிச்சதுதான்," என்று எனக்கு ஒரு குவளை ஊற்றினாள். "அவருக்கு ரொம்பப் புடிக்கும்."

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த மோரா..."

"மொதல்ல குடி, ஆறிடும்."

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஆத்திரமாக வந்தது. அத்தை இன்னொரு குவளை ஊற்றி அப்பாவின் கல்லுக்கு முன்னால் வைத்தாள். "களையெடுக்க ஒரு காசு கூலி வாங்குனதில்லம்மா," என்று அழுதாள். வேலியோரம் ஒன்றரை வரிசை மோரா அப்படியே நிற்கிறது. அப்பா சொல்லியிருக்க வேண்டியதை அன்றும் யாரும் சொல்லவில்லை.