பழைய தண்ணீர்மேல் புதுத் தண்ணீர்

கண்ணாடிக் கடையில் அவருக்குப் 'பிரசங்கி' என்று பெயர். காண்டாக்ட் லென்ஸ் வாங்க யார் வந்தாலும் உட்காரவைத்து ஒரே மூச்சில் ஓதிவிடுவார்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது, லென்ஸை ஊறப்போடும் டப்பாவில் கிடக்கும் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், லென்ஸோடு தூங்கக் கூடாது. பதினான்கு வருடத்தில் ஒரு சொல் மாறவில்லை. ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவும் இல்லை.

மைனஸ் ஆறு பவர் அவருக்கு. கண்ணாடி விற்கிற மனிதர் கண்ணாடி போட்டால் கிழடு தட்டிவிடும் என்று லென்ஸ்தான் போடுவார். வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டத் திறந்த சொல்யூஷன் பாட்டில்கள் அந்தக் கடையில் ஊழியர்களுக்குத்தான். ஓசியில் வந்ததற்கே அப்படியொரு சிக்கனம்: நேற்றையதைக் கொட்டாமல் அதன்மேல் நாலு சொட்டு விடுவார். டப்பாவுக்கு வயது இரண்டு. மூடியின் மரையெல்லாம் கறுப்பு.

ஒரு திங்கட்கிழமை வலது கண் சிவந்தது. கடை அலமாரியிலிருந்து ஏதோ சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டு, அதன்மேலேயே லென்ஸையும் மாட்டினார். பின்னறையில் கண்ணாடி அறுப்பவர், அதைக் கழற்றிவிடுங்கள் அண்ணே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எனக்கே பாடமா என்று பிரசங்கி முறைத்தார்.

வியாழக்கிழமை டியூப்லைட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் நிற்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். லென்ஸ் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் புத்தி இருந்தது அவளிடம்தான்.

கருவிழியில் கடுகளவு வெள்ளைப் புண். அது நடுவுக்குப் பரவினால் அந்தக் கண்ணில் பார்வை போய்விடும் என்றார் டாக்டரம்மா. பிறகு உறை மாட்டிய விரலை டப்பாவுக்குள் விட்டுத் தேய்த்தார். வழவழ என்றது.

தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பதைப் போல, கிருமிகள் பசையைக் கக்கி அதற்கடியில் குடியிருக்கின்றன என்று விளக்கினார். சொல்யூஷன் மிதக்கிற கிருமியைத்தான் கொல்லும்; பசைக்கடியில் இருப்பதை எட்டாது. பழையதன்மேல் ஊற்றினால் புதிய சொல்யூஷனின் வீரியமும் போச்சு. லென்ஸைச் சொல்யூஷன் விட்டு விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். டப்பாவை அதே சொல்யூஷனால் அலசி, துடைத்துக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும்.

"எனக்குத் தெரியும் டாக்டர். தினம் நாலு பேருக்குச் சொல்றவன் நான்."

"அதான் எரிச்சலா இருக்கு."

மனைவி விடவில்லை. "இவர் பேச்சைக் கேட்டவங்க கண்ணெல்லாம் நல்லா இருக்கு டாக்டர். கேக்காத ஒரே ஆளு இவர்தான்."

மணிக்கொரு தடவை மருந்து. ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து ஊற்றியவள் அவள். 'எரியுது' என்று திட்டியவர் அவர். ஒன்றரை மாதத்தில் புண் ஆறியது, தழும்பு நின்றது.

பார்வையைச் சோதிக்கிற நாளில் கண்ணாடி போட்டு இடது கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார் பிரசங்கி. இதே பலகைதான் அவர் கடையிலும் தொங்குகிறது. டாக்டரம்மா பொத்தானை அழுத்திப் பலகையில் எழுத்துகளை மாற்றினார்.

மூன்றாவது வரியில் வாசிப்பு நின்றுவிட்டது.

"லைட்டு சரியில்ல," என்றார்.

பின்னால் பெஞ்சிலிருந்த மனைவி, யாரும் கேட்காமலே, அந்த வரியையும் அதற்கடுத்த மூன்று வரிகளையும் வாசித்தாள்.