அவர் பாட்டு

எங்கள் அம்மா மதம் மாறப்போகிறாள் என்று முதலில் கண்டுபிடித்தது சித்தப்பாதான். ஆனால் தடயங்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் நான் என்பதால் அந்தப் பெருமையில் எனக்கும் சரிபாதி பங்கு உண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. யாரையும் எதையும் நம்பாத வயது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாண்ட்ரியலில் லாசால் பக்கம், வாசலிலேயே இரும்புப் படிக்கட்டு வைத்த ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்தோம். அப்பா இஞ்சினியர். அப்பாவின் தம்பியான சித்தப்பா, பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்து எங்களோடு தங்கி, முழுமூச்சாக பேஸ்பாலை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாடியில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் தனியாக இருந்தார். நாங்கள் அவரை மதாம் என்போம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பனி உருகி முடிந்த சமயத்தில் அம்மா மாடிக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் ஒரு கிண்ணம் ரசம் கொடுக்க. பிறகு அந்தக் கிண்ணத்தை வாங்கி வர. அப்புறம் கிண்ணம் இல்லாமலே போனாள். அவள் போன சற்று நேரத்துக்கெல்லாம் எங்கள் கூரைக்கு மேலே ஆர்கன் முனகும். ஒரு வரி வரும், நின்றுபோகும், அதே வரி மறுபடியும் வரும். யாரோ யாருக்கோ ஏதோ கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டால், “பாட்டுக்குத்தான்” என்பாள். அதை யாரும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அம்மா பாடுவாள் என்பது எங்கள் வீட்டில் சரித்திரப் பாடம் மாதிரி. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைச் சொல்லாமல் விடமாட்டார். “பொண்ணு பார்க்கப் போனேன். பாடினா. கேட்ட நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்” என்பார், தொடையில் தட்டிக்கொண்டு. ஆனால் அம்மா பாடி நான் கேட்டதில்லை. முன்பு கார்ட்டியர்வில்லில் அடுக்குமாடியில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினாராம். அப்பா, “கொஞ்சம் மெதுவா” என்றாராம். அம்மா மெதுவாகப் பாடி, பிறகு முணுமுணுத்து, பிறகு அதையும் விட்டுவிட்டாள். அவள் நிறுத்திவிட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் துப்புத் துலக்கத் தொடங்கினேன். அம்மா டெலிவிஷனில் பேஸ்பால் பார்த்தாள், அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. ஆட்டக்காரர்கள் மட்டையோடு நடந்து வருவதை மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பாள். பந்து வீசும்போது எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். சால்வைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணுவாள். நான் இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் இருண்டது.

“ஜெபமாலை” என்றார். “விரல் விட்டு ஜெபம் எண்ணுறாங்க.”

அது தாளம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா பாடி அத்தனை காலமாகியிருந்தது.

முக்கியமான தடயம் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. படிக்கட்டில் பூனை நடையாக ஏறி மதாம் வீட்டுக் கதவில் காதை வைத்தேன். அம்மா தன் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அதை நான் ஓட்டமாக ஓடிவந்து சித்தப்பாவிடம் தமிழில் ஒப்பித்தேன்: “இது அவருக்காகத்தான். கேட்டா அவருக்குப் புரியும்.”

“அவருக்கா?” சித்தப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “எந்த அவர்?”

எனக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா மெல்ல விரலைத் தூக்கிக் கூரையைக் காட்டினார். அதற்கும் மேலே இருப்பவரைக் காட்டுகிறார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

உண்மையிலேயே பயந்துபோனேன். அந்த ஊரில் அன்று பள்ளிகள் இரண்டு வகைதான், கத்தோலிக்கம் அல்லது புராட்டஸ்டண்ட். இரண்டிலும் சேராத என்னை, ஆங்கிலம் பேசிய பாவத்துக்காகப் புராட்டஸ்டண்டில் போட்டிருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் சொர்க்கத்துக்குப் போவார்கள் என்று அங்கே என் பக்கத்து இருக்கைக்காரி அடித்துச் சொல்லியிருந்தாள். அப்படியானால் அம்மா மட்டும் தனியாக அங்கே போய்விடுவாள். நானும் அப்பாவும் சித்தப்பாவும் வேறெங்கோ, சமைக்கத் தெரியாத மூன்று பேராக உட்கார்ந்திருப்போம். அதை நினைத்துப் போர்வைக்குள் அழுதிருக்கிறேன்.

சித்தப்பா விஷயத்தை அப்பாவின் காதில் போட்டார். அப்பா நேராகக் கேட்கிற மனிதர் அல்ல. அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், மறுநாளிலிருந்து நெற்றியில் விபூதியைப் பட்டை பட்டையாக இட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். சமையலறை அலமாரியில் இருந்த பிள்ளையாரை, மாடிக்குப் போகும் கதவைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்தார். அம்மா துடைக்கும்போது அவரைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டாள். அதுவும் தடயங்களில் சேர்ந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் அம்மா நல்ல பட்டுப்புடவை கட்டி, மேலே கோட்டு போட்டுக்கொண்டு, “மதாமோட போயிட்டு வரேன்” என்றாள். அப்பாவும் சித்தப்பாவும் நானும் பேஸ்பால் பார்க்கப் போவதாக இருந்த நாள் அது. வாசலில் அம்மா ஒரு கணம் நின்று, “ஆட்டத்தை நல்லா கவனிச்சுக் கேளுங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். ஆட்டத்தைப் பார்ப்பார்கள், கேட்பார்களா? எனக்கு மனசே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டுப்புடவை, ஆர்கன்காரி. இன்றைக்கு ஞானஸ்நானத்துக்கு முழுக்காட்டிவிடுவார்கள் என்று சித்தப்பா என் காதில் கிசுகிசுத்தார்.

மைதானத்தில் நாங்கள் மூன்று பேரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊர் அணிக்காரர் ஒவ்வொருவர் மட்டையோடு வரும்போதும் எங்கிருந்தோ ஓர் ஆர்கன் சின்னதாய் ஒரு பாட்டுத் துண்டு வாசித்தது. காலைச் சற்றே இழுத்து நடக்கும் ஒருவருக்கு, அந்த நடைக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல நொண்டி நொண்டி ஒரு தாளம். குண்டர் ஒருவருக்கு யானை அசைந்து வருகிற மாதிரி. ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அப்பாவுக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. பனைமரம் மாதிரி நெட்டையாய், வாயைத் திறக்காமல் வந்து அடித்துவிட்டுப் போகிறவர். அவர் வந்தபோது ஆர்கன் மெல்லக் குழைந்து, நிதானமாக ஒன்றை வாசித்தது. அவர் மட்டை பிடிக்க வந்த போதெல்லாம் அதையே வாசித்தது.

“இந்த ஆளுக்கு மட்டும் ஏன் இப்படி இழுவையா ஒரு பாட்டு?” என்றார் அப்பா, கடலையை உரித்தபடி.

ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கள் அணி ஜெயிக்கும் நிலையில் இருந்தால், கடைசியில் பந்து வீசி முடித்து வைப்பதற்கென்றே ஒரு தாடிக்காரர் வருவார். அவர் மைதானத்தின் கோடியிலிருந்து நடந்து வர ஆரம்பித்தார். ஆர்கன் கம்பீரமாக எழுந்தது.

அப்பா சட்டென்று எழுந்து கோட்டை மாட்டினார். சித்தப்பா கழற்றி வைத்திருந்த ஷூவுக்குள் காலை விட்டார். நான் டிபன் டப்பாவைத் தேடினேன். கச்சேரிக்குப் போகிற எவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மங்களம் பாடினால் கிளம்ப வேண்டும். பின்வரிசைக்காரர்கள் “அஸி! அஸி!” என்று பிரெஞ்சில் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்பா அப்படியே நின்றார்.

“டேய்,” என்றார் சித்தப்பாவிடம், “இது நம்ம மங்களம் இல்லையா?”

முடித்து வைக்க வருகிறவருக்கு முடிக்கிற பாட்டு. இப்படி ஒரு பொருத்தம் பார்க்கக்கூடிய ஆள் அந்த ஊரில் ஒருவர்தான் இருக்க முடியும்.

அன்று மாலை வீடே கல்யாண வீடாகிவிட்டது. மதாம் வருஷா வருஷம் மைதானத்திலும் வாசிக்கிறவராம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாராம். அம்மா அவரவர் நடையைப் பார்த்து, அதற்கேற்ற தாளமும் ராகமும் எடுத்துக் கொடுத்தாளாம். சித்தப்பா, “அண்ணி, உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே” என்று காப்பியை வாங்கி வாங்கிக் குடித்தார். அப்பா பிள்ளையாருக்குச் சூடம் காட்டினார். மங்களத்துக்கு எழுந்து நின்ற கதையை அவரே பத்து தடவை நடித்துக் காட்டினார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாத்திரம் தேய்க்கும்போது அம்மா என்னைத் தனியாகக் கேட்டாள். “அந்த நெட்டையா ஒருத்தர் வந்தாரே, அப்போ ஒரு பாட்டு வாசிச்சாங்களே. அப்பா கேட்டாரா?”

“இல்லம்மா, அப்பா பாட்டுக்குக் கடலை சாப்பிட்டுட்டு இருந்தார். இழுவையா இருக்குன்னார்.”

அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

“அது யார் பாட்டும்மா?”

“அவர் பாட்டு” என்றாள்.

நெட்டை ஆட்டக்காரரின் பாட்டு என்று நான் மனசில் எழுதிக்கொண்டேன். அந்தக் கோடை முழுக்க டெலிவிஷனில் அவர் வரும்போதெல்லாம் அதைச் சத்தமாக முனகினேன்.

தீபாவளிக்கு ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வந்திருந்தது. அப்பா வழக்கம்போல் தொடையில் தட்டி, “கேட்ட நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்” என்றார். டாக்டரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படின்னா அந்தப் பாட்டையே பாடுங்களேன்” என்றார். அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு வரிகூட முடிந்திருக்காது, நான் துள்ளி எழுந்தேன்.

“எனக்குத் தெரியும்! இது பேஸ்பால் பாட்டு! நெட்டைக்காரர் பாட்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு கூர்மையான காது பாருங்க இவளுக்கு,” என்று அப்பா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். “ஒரு தரம் கேட்டா மறக்கவே மாட்டா. என்னை மாதிரி.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.